பிரசவ அறையில் மறைவும் மரியாதையும் கிடைக்க என்ன செய்யலாம்?

தென்னாப்பிரிக்காவில், டர்பனில் அடுத்த மாதம் தலைப்பிரசவம், ஆண் டாக்டரும் மாணவர்களும் வந்து பார்ப்பார்களாமே, நினைத்தாலே கூசுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கூசத்தான் செய்யும். நானும் இதே டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் குடியிருந்துகொண்டு இரண்டு பெற்றவள்தான்.

முதல் பிரசவத்தின் வலிகூட மறந்துவிட்டது. கட்டிலைச் சுற்றிய திரை ஒரு சாண் பற்றாமல் இருந்தது மறக்கவில்லை. டாக்டர் ஐந்தாறு மாணவர்களோடு வந்தார், போர்வையை விலக்கினார், பார்த்தார், போய்விட்டார். ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்கள் போன பிறகும் போர்வை நுனியைப் பிடித்த பிடி விடாமல் கிடந்தேன்.

இரண்டாவதுக்கு ஒரு ஜூலு சிஸ்டர் (இங்கே நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம்). திரையின் இரண்டு ஓரங்களையும் சேர்த்து கிளிப் போட்டார். முழங்கால் வரை மூடிவிட்டு, "இப்போது தொடுகிறேன், சரியா?" என்று கேட்டு, நான் தலையாட்டும் வரை கையைக் கொண்டுவராமல் நின்றார். அன்றைக்கு எனக்குக் கூசவே இல்லை.

கேட்டுவிட்டுத் தொடச் சொல்வது உங்கள் உரிமை. இந்த நாட்டின் 1996 அரசியல் சட்டத்தில் மனித மாண்புக்கு 10-ஆவது பிரிவும் அந்தரங்கத்துக்கு 14-ஆவது பிரிவும் இருக்கின்றன. மாணவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆனால் வலி ஏறிய பிறகு பேச வாய் வராது. கிளினிக்குக்குப் போகும்போதே சொல்லி, உங்கள் கார்டில் எழுதச் சொல்லுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2018-இல் தந்த வழிகாட்டுதல்படி, வலி நன்றாகப் பிடித்த பிறகும் உள்பரிசோதனை (கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று கைவிட்டுப் பார்ப்பது) 4 மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். எல்லோருக்கும் வழக்கமாகச் செய்யும் சவரமும் எனிமாவும் தேவையில்லை. நீங்கள் விரும்பும் ஒருவர் கூடவே இருக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. பொது வார்டில் பக்கத்துக் கட்டிலிலும் பெண்கள் இருப்பதால் சில இடங்களில் கணவரை விடமாட்டார்கள். அம்மாவையோ மாமியாரையோ தயாராக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மாமியார்தான் நின்றார். அவர் திரைப் பக்கம் முதுகைக் காட்டி நின்றதே பெரிய மறைவு.

ரத்தப்போக்கு அதிகமானாலோ குழந்தையின் துடிப்பு குறைந்தாலோ அறையில் திடீரென்று கூட்டம் கூடும். அப்போது தடுக்காதீர்கள், உயிர் முக்கியம். உங்களைப் போர்த்திவிடும் வேலையை உடன் இருப்பவரிடம் முன்பே ஒப்படைத்துவிடுங்கள்.

அப்புறம், ஆஸ்பத்திரி கவுன் பின்பக்கம் திறந்திருக்கும். முன்னால் பட்டன் வைத்த நைட்டி ஒன்றும், பழைய வாயில் புடவையில் பாதியும் பையில் மேலாக வையுங்கள். நடக்கும்போது இடுப்பில் சுற்றிக்கொள்ளலாம், பால் கொடுக்கும்போது தோளில் போட்டுக்கொள்ளலாம்.