மடிப்பைப் பிரித்தீர்கள், பிரேஸைப் பார்த்தீர்களா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. ஸ்கோலியோசிஸ், முதுகுத்தண்டில் 30 டிகிரி வளைவு. வளைவு அதிகமாகாமல் இருக்க 15 மாதமாக உடம்பைச் சுற்றி பிரேஸ் போடுகிறாள். முதலில் சொன்னதைக் கேட்டவள், இப்போது நான் வேலைக்குப் போனதும் கழற்றிவிடுகிறாள். இந்த வருஷம் இரண்டு தடவை சீருடையின் மடிப்பைப் பிரித்துவிட்டேன், அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறேன். அவளுக்குத்தான் பொறுப்பே இல்லை. எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

பதில்: இரண்டு தடவை மடிப்பைப் பிரித்தீர்களா? போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. உடை சின்னதானது தெரிகிறது. அதே உடம்பில் இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் கூடு சின்னதாகியிருக்கும் என்று ஏன் தோன்றவில்லை அம்மா? பிரித்துவிட அதில் மடிப்பும் கிடையாது.

பிரேஸின் உயிரே உள்ளே இருக்கும் பேடுகள், அதாவது அழுத்தும் திண்டுகள்தான். அவை சரியான இடத்தில் அழுத்த வேண்டும். முதுகு நீண்டால் பேடு இருந்த இடத்திலேயே இருக்கும், வளைவு இடம் மாறிவிடும். மடமடவென்று வளரும் இந்தப் பருவத்தில்தான் வளைவும் வேகமாகக் கூடும். 2013-ல் வெளியான பெரிய ஆய்வில், தினம் சுமார் 13 மணி நேரத்துக்கு மேல் பிரேஸ் போட்ட பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு வளைவு அறுவை சிகிச்சை அளவான 50 டிகிரியைத் தொடவில்லை. அந்த மணிக்கணக்கெல்லாம் பொருந்துகிற பிரேஸுக்குத்தான்.

இன்று இரவே அவளிடம் கேட்டுவிட்டுப் பாருங்கள். பிரேஸின் பட்டை, முன்பு இறுக்கிய பழைய கோடுவரை எட்டுகிறதா? உட்காரும்போது தொடையில் குத்துகிறதா, அக்குளில் ஏறுகிறதா? கழற்றி அரை மணி நேரம் ஆகியும் சிவப்பு மறையவில்லையா? தோல் உரிந்திருந்தால் காலையிலேயே டாக்டரைக் கூப்பிடுங்கள். வீட்டில் வெட்டுவது, சூடுகாட்டி வளைப்பது எதுவும் வேண்டாம். பேடை மாற்றினால் போதுமா, புதிதாகச் செய்ய வேண்டுமா என்பதை டாக்டரும் பிரேஸ் செய்தவரும் சொல்வார்கள். ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்தில் புது பிரேஸ் தேவைப்படுவது சகஜம். புதியதைப் போட்டபடியே எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பொறுப்பு என்ற வார்த்தையை அவள்மேல் வைத்தீர்கள். பிள்ளை கீழ்ப்படிய வேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் வலிக்கிறதா என்று கேட்பது பெற்றவர்களின் கடமை, அது முதலில் வரும். 13 வயதுப் பெண் வாயால் சொல்லாததைக் கழற்றிவைத்துச் சொல்லியிருக்கலாம். பொறுப்பில்லை என்று நினைத்ததற்கு அவளிடம் வருத்தம் தெரிவியுங்கள், அப்பாவும் கூட இருக்கட்டும்.

டாக்டரிடம் போகும்போது அவள் உயரத்தை அளந்து, மடிப்புப் பிரித்த இரண்டு மாதங்களையும் எழுதி எடுத்துப் போங்கள். எவ்வளவு வேகமாக வளர்கிறாள் என்று அவர்தான் கணக்குப் போட வேண்டும்.