வாசல் கதவு: பலகையை விட நிலையும் பூட்டும்தான் முக்கியம்

கேள்வி: புதிதாக வாங்கிய அடுக்குமாடி வீட்டுக்கு விரைவில் குடிபோகிறோம். மூன்றாவது மாடி. பகலில் இருவருமே வேலைக்குப் போய்விடுவோம். பில்டர் போட்ட வாசல் கதவைத் தட்டினால் உள்ளே வெற்றாக இருப்பது போலச் சத்தம் கேட்கிறது. கடையில் ஒருவர் பதினாறு போல்ட் உள்ள இரும்புக் கதவை எடுக்கச் சொல்கிறார். இன்னொருவர் கெட்டி மரக் கதவே போதும் என்கிறார். எதை வாங்குவது?

பதில்: உங்கள் சந்தேகம் சரியானதுதான். வெற்றாக ஒலிக்கும் கதவு அறைகளுக்கு உள்ளே போடுவதற்கானது, வாசலுக்கு ஆகாது. ஆனால் இரும்பா மரமா என்பதை முதல் கேள்வியாக வைத்துக்கொள்ளாதீர்கள். கெட்டியான கதவாக இருந்தால் திருடன் பலகையை உடைக்க மெனக்கெட மாட்டான். பூட்டு இருக்கும் பக்கத்தில் கதவுக்கும் நிலைக்கும் நடுவே உள்ள இடுக்கில் பெரிய திருப்புளியையோ சின்னக் கடப்பாரையையோ செருகி நெம்புவான். அப்போது முதலில் பெயர்வது பெரும்பாலும் நிலைதான். பூட்டின் நாக்கு நுழைகிற தகட்டைக் குட்டைத் திருகாணி இரண்டில் நிறுத்தியிருப்பார்கள். ஓங்கி ஒரு உதை விட்டாலே தகடு மரத்தோடு பிய்ந்து வந்துவிடும்.

அதனால் கதவு, நிலை, கீல், பூட்டு நான்கும் ஒரே செட்டாகச் சோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். ஐரோப்பாவில் இதற்கு இஎன் 1627 என்ற தரநிலை இருக்கிறது. கதவு எவ்வளவு தாங்கும் என்பதைக் குறிக்க ஆர்சி 1 முதல் ஆர்சி 6 வரை வகைகள் உண்டு, எண் கூடக் கூட உறுதியும் கூடும். ஆர்சி 2 கதவு திருப்புளி, இடுக்கி, ஆப்பு மாதிரி எளிய கருவிகளுக்கு 3 நிமிடம் தாங்க வேண்டும். ஆர்சி 3 என்றால் கடப்பாரையும் சேரும், 5 நிமிடம். ஆர்சி 4 என்றால் சுத்தியல், கோடாலி, பேட்டரி டிரில் எல்லாம் வரும், 10 நிமிடம். இவ்வளவுதானா என்று தோன்றலாம். கருவி கதவின் மேல் வேலை செய்கிற நேரத்தை மட்டுமே கணக்கில் எடுக்கிறார்கள். அக்கம்பக்கம் குடியிருக்கும் மாடியில் அத்தனை நிமிடம் சத்தம் போட்டு நெம்ப யாருக்கும் துணிச்சல் வராது. ஜெர்மானியக் காவல்துறை வீடுகளுக்குக் குறைந்தது ஆர்சி 2 என்று பரிந்துரைக்கிறது. பகல் முழுக்க ஆள் இல்லாத உங்கள் வீட்டுக்கு நான் ஆர்சி 3 எடுக்கச் சொல்வேன். ஆர்சி 4 உங்களுக்குத் தேவையில்லை. அந்தக் காசை நல்ல பூட்டிலும் பொருத்தும் வேலையிலும் போடுங்கள்.

இந்தச் சான்றிதழ் இல்லாத கதவுதான் கிடைக்கிறது என்றால் நீங்களே பார்க்க வேண்டியவை சில உண்டு. போல்ட் எத்தனை என்று எண்ண வேண்டாம். சாவியைத் திருப்பும்போது பூட்டின் பிரதான நாக்கு 20 மில்லிமீட்டராவது வெளியே வருகிறதா, அது நிலையில் எதற்குள் போய் உட்காருகிறது என்று பாருங்கள். மெல்லிய தகட்டில் வெறும் ஓட்டை போட்டிருந்தால் பதினாறும் வீண். கனமான நிலைக்குள் மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் உறுதியாகப் பூட்டினாலே போதும். கதவு வெளிப்பக்கம் திறக்கிறதென்றால் கீல் வெளியே தெரியும். அதன் ஆணியைத் தட்டிக் கழற்றினாலும் கதவு நிலையை விட்டு வராதபடி கீல் பக்கத்தில் முளை வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

அடுத்தது சிலிண்டர், அதாவது பூட்டில் சாவி நுழைந்து திரும்பும் பகுதி. இதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். ஐரோப்பிய வகை சிலிண்டருக்கு நடுவில் திருகாணி போகும் இடம்தான் மெலிந்த இடம். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இடுக்கியால் பிடித்து ஆட்டியே அங்கே ஒடித்துவிடுவார்கள். எனவே அதைச் சுற்றியுள்ள கவசத் தகட்டைத் தாண்டி 3 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டக் கூடாது. தகட்டின் திருகாணிகளும் உள்பக்கமிருந்தே இறங்கியிருக்க வேண்டும். விரலால் தடவிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். டிரில்லுக்குத் தாங்குவது, ஒடிக்க முடியாதது, பூட்டோடு தரும் அடையாள அட்டையைக் காட்டாமல் மறுசாவி வெட்ட முடியாதது, இந்த மூன்றும் உள்ள சிலிண்டரைக் கேட்டு வாங்குங்கள்.

எவ்வளவு நல்ல கதவானாலும் இழுத்துச் சாத்திவிட்டு மட்டும் போகாதீர்கள். சாத்தினால் விழுவது ஸ்பிரிங் நாக்கு மட்டும்தான். அதை வளையும் பிளாஸ்டிக் தகட்டாலேயே தள்ளித் திறந்துவிடலாம். ஒவ்வொரு முறையும் சாவியைத் திருப்பிப் பூட்டுங்கள்.

தீ விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். புகை சூழ்ந்த இருட்டில் சாவியைத் தேட முடியாது, அதனால் உள்பக்கம் கையால் திருகித் திறக்கும் குமிழ் அவசியம். ஆனால் வெளியிலிருந்து கையை விட்டு அதைத் திருகிவிடலாம் என்பதால், குமிழுக்குக் கையெட்டும் தூரத்தில் கண்ணாடியோ தபால் துளையோ உள்ள கதவு வேண்டாம். அடுக்குமாடிகளில் வாசல் கதவு பல சமயம் தீத்தடுப்புக் கதவாகவும் இருக்கும். பொதுவழியில் புகை பரவாமல் தடுப்பது அதுதான். பழைய கதவைக் கழற்றும் முன் கட்டடத்தின் ஆவணத்தைப் பாருங்கள். அது தீத்தடுப்புக் கதவு என்றால் புதியதும் அதே அளவு நேரம் தீயைத் தாங்கும் என்ற சான்றோடு இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள், இது மாடியில் உள்ள எல்லோருடைய உயிர் சம்பந்தப்பட்டது. நிர்வாகத்தின் அனுமதியையும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

பொருத்தும் நாளில் கட்டாயம் கூட இருங்கள். நிலைக்கும் சுவருக்கும் நடுவில் நுரையை மட்டும் அடித்துவிட்டுப் போகிற வழக்கம் இருக்கிறது. நெம்பும்போது நுரை அமுங்கிக் கொடுக்கும், நாக்கு நழுவிவிடும். பூட்டுப் புள்ளிகளுக்கும் கீல்களுக்கும் பின்னால் கெட்டியான கட்டை வைத்து, நீள ஆங்கர் போல்ட்டால் சுவரோடு இறுக்கச் சொல்லுங்கள். மேல்பட்டி வைத்து மூடும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்தச் சுவரில், எத்தனை ஆங்கர் என்பது தயாரிப்பாளரின் குறிப்பிலேயே இருக்கும். அதை மீறினால் ஆர்சி சான்றுக்கு அர்த்தமில்லை.

கதவை இப்போதைக்கு மாற்ற முடியாது என்றாலும் சிலிண்டரை மட்டுமாவது மாற்றிவிடுங்கள். கட்டுமான காலத்தில் அந்தச் சாவி பலர் கைக்குப் போயிருக்கும். பெயின்ட், கரன்ட், அலமாரி என்று எல்லா வேலையும் முடிந்த பிறகு மாற்றுங்கள். புதுச் சாவிகள் இருக்கும் ஒட்டிய கவரை உங்கள் முன்னால்தான் பிரிக்க வேண்டும்.