நடந்தும் பட்டினி கிடந்தும் வயிறு குறையவில்லையே, ஏன்?

கேள்வி: எனக்கு வயது 41. உயரம் 158 செ.மீ., எடை 71 கிலோ, வயிற்றுச் சுற்றளவு 94 செ.மீ. திருநெல்வேலியில் அலுவலக வேலை. நாள் முழுவதும் நாற்காலிதான். வாரத்தில் ஆறு நாள் காலையில் 45 நிமிடம் நடக்கிறேன். காலை உணவைப் பெரும்பாலும் தவிர்த்துவிடுகிறேன். இரவில் இட்லி, தோசையை விட்டுவிட்டு இரண்டு சப்பாத்தி மட்டும் சாப்பிடுகிறேன். முதல் நான்கு மாதங்களில் 75 கிலோவிலிருந்து 71-க்கு வந்தேன். கடந்த மூன்று மாதங்களாக எடை அசையவே இல்லை. ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறேன் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். தைராய்டு காரணமாக இருக்குமா? கொள்ளு ரசம் கொழுப்பைக் கரைக்குமா?

பதில்: சகோதரி, வீட்டில் செய்யும் அந்தக் கேலியை முதலில் ஒதுக்கி வையுங்கள். நீங்கள் குறைத்திருக்கும் 4 கிலோ, உங்கள் பழைய எடையில் 5 சதவீதத்துக்கும் மேல். அந்த அளவு குறைந்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சீராகத் தொடங்கும் என்பதால், மருத்துவர்கள் அதைப் பெரிய முன்னேற்றமாகவே கருதுகிறோம். ஏழு மாதங்களாக அதிகாலையில் எழுந்து நடப்பவரிடம் மன உறுதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

எடை இறங்கி ஓரிடத்தில் நின்றுவிடுவது உடலின் இயல்பு. 75 கிலோ உடலைச் சுமந்து நடக்கச் செலவான ஆற்றல், 71 கிலோ உடலைச் சுமந்து நடக்கத் தேவைப்படாது. அதோடு, உணவு குறைந்துவிட்டது என்பதை உணரும் உடல் பல வழிகளில் சிக்கனம் பிடிக்கிறது: பசியைத் தூண்டும் சுரப்புகள் கூடுகின்றன, நமக்கே தெரியாமல் எழுந்து நடமாடுவது குறைகிறது, மாடிப்படிக்குப் பதில் லிஃப்டைக் கால் தேடுகிறது. காலையில் பட்டினியாக அலுவலகம் செல்பவர்களிடம் இந்தச் சோர்வை நான் அடிக்கடி பார்க்கிறேன். பதினொரு மணிக்கு வரும் டீயும் இரண்டு பிஸ்கட்டும் அந்தப் பட்டினியில் மிச்சமானதில் பாதியை எடுத்துக்கொள்கின்றன.

நடைப்பயிற்சியின் கணக்கையும் பார்த்துவிடுவோம். உங்கள் எடையில் 45 நிமிடம் மிதமான வேகத்தில் நடந்தால் ஏறத்தாழ 150 முதல் 200 கலோரி வரை செலவாகும். இரண்டு மெதுவடையும் சர்க்கரை போட்ட ஒரு காபியும் அதைத் தாண்டிவிடும். இதயத்துக்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் உறக்கத்துக்கும் நடை மிக நல்லது, விட்டுவிடாதீர்கள்; ஆனால் எடைக் குறைப்பின் பெரும்பகுதி அடுப்படியில்தான் தீர்மானமாகிறது.

அங்கே நீங்கள் தேட வேண்டியது சோற்றை அல்ல, எண்ணெயை. சில காலத்துக்கு முன் வந்த ஒரு பெண்மணி, தாளிக்க மட்டும்தான் எண்ணெய் விடுவதாக உறுதியாகச் சொன்னார். மாதம் எத்தனை பாக்கெட் வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார்: ஒரு லிட்டர் பாக்கெட் ஐந்து, வீட்டில் நான்கு பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிக்குச் சற்று மேல், அதாவது ஏறத்தாழ 340 கலோரி. அவருடைய நடை முழுவதையும் அது விழுங்கிவிட்டது, அவர் பொய்யும் சொல்லவில்லை. எண்ணெயைப் புட்டியிலிருந்து அப்படியே வாணலியில் ஊற்றும் கைக்கு அளவு தெரிவதில்லை. அடுத்த மாத முதல் தேதியில் உங்கள் வீட்டு எண்ணெயைக் கணக்கெடுங்கள். ஆளுக்கு மாதம் 600 மில்லிக்குள் நிறுத்தி, கரண்டியால் அளந்து விடுங்கள்.

இந்த ஏமாற்றம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. எவ்வளவு குறைத்தும் எடை இறங்கவில்லை என்று சொன்ன சிலரை நியூயார்க்கில் ஆராய்ந்து 1992-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களின் வளர்சிதை மாற்றத்தில் குறை ஏதும் இல்லை. உண்மையில் உண்டதில் ஏறத்தாழ பாதியை அவர்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை என்பதும், உடலுழைப்பைக் கூட்டிச் சொன்னார்கள் என்பதும் தெரியவந்தது. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்தது, சமைக்கும்போது ருசி பார்த்தது, கோயிலில் வாங்கிய பொங்கல் ஆகியவற்றை யாருடைய மனமும் சாப்பாடாகக் குறித்துக்கொள்வதில்லை. இரண்டு வாரத்துக்கு, வாயில் போடுவதற்கு முன்பே ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.

சப்பாத்தியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எண்ணெய் விட்டுச் சுட்ட இரண்டு சப்பாத்தியும் தேங்காய் அரைத்த குருமாவும், மூன்று இட்லியும் சாம்பாரும் தரும் ஆற்றலைவிட அதிகம் தரும். இட்லியை நீங்கள் தியாகம் செய்திருக்கத் தேவையில்லை.

உங்கள் உணவில் எனக்குக் கவலை தருவது புரதம். பட்டினி கிடந்து எடை குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். தசை கரைந்தால் ஓய்வில் செலவாகும் ஆற்றலும் குறையும். சிறுநீரக நோய் இல்லாத பட்சத்தில் நாளொன்றுக்கு 60 முதல் 70 கிராம் புரதத்தை இலக்காக வையுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் கிடைக்கும்; சுண்டல், பாசிப்பயறு, தயிர் எல்லாம் சேரட்டும். காலையில் இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சாப்பிட்டுவிட்டு வேலைக்குச் செல்லுங்கள். ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பதில் ஓரளவு நியாயம் உண்டு: கொள்ளில் புரதமும் நார்ச்சத்தும் நிறைய இருப்பதால் வயிறு நிறையும். ஆனால் கொழுப்பைக் கரைக்கும் சக்தி அதற்கு இல்லை. தெளிந்த ரசமாக வைத்தால் அந்த நன்மையும் பெரும்பாலும் மண்டியிலேயே தங்கிவிடும். சுண்டலாகச் சாப்பிடுங்கள்.

தசையைக் காக்க, வாரத்தில் மூன்று நாள் நடையை 25 நிமிடமாகக் குறைத்து, மீதி நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது போன்ற வலுப்பயிற்சி செய்யுங்கள்.

வயிற்றை மட்டும் தனியாகக் குறைக்கும் பயிற்சி எதுவும் கிடையாது. இந்தியர்களுக்கு எடைக்கு மீறிய கொழுப்பு உண்டு. புணே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக், பிரிட்டன் மருத்துவர் ஜான் யுட்கின் இருவருக்கும் உடல் நிறை குறியீடு (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ.) ஒன்றே, 22.3. உடற்கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. இதை அவர்களே 2004-இல் தங்கள் படத்துடன் வெளியிட்டார்கள். அதனால்தான் நம் பெண்களுக்குச் சுற்றளவு 80 செ.மீ.க்குள், ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் இருக்கட்டும் என்கிறோம். வாரம் ஒருமுறை எடையும், மாதம் ஒருமுறை டேப்பால் சுற்றளவும் போதும். வலுப்பயிற்சி தொடங்கியபின் எடை நின்றிருக்கும்போதே டேப் இறங்குவதுண்டு.

தைராய்டுக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குறைபாடு இருந்தாலும் அதனால் ஏறும் எடை பெரும்பாலும் சில கிலோதான்; அதிலும் பெரும்பங்கு உப்பும் நீரும். கூடவே சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி., இரத்தக் கொழுப்பு அளவுகளையும் பாருங்கள். ஸ்டீராய்டு, இன்சுலின், மனநலம் அல்லது வலிப்புக்கான சில மருந்துகள் எடையைக் கூட்டக்கூடும். அப்படி ஏதேனும் எடுத்தால் நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்தவரிடம் பேசுங்கள். மாதவிடாய் தவறுவது, முகத்தில் ரோமம் வளர்வது, குறட்டையோடு பகலிலும் தூங்கி விழுவது, வயிற்றில் ஊதா நிறத்தில் அகலமான கோடுகள் தோன்றுவது, உட்கார்ந்தால் எழ முடியாத அளவுக்குத் தொடை வலுவிழப்பது ஆகியவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காமல் நேரில் காட்டுங்கள். எதுவும் இல்லையென்றால், எண்ணெய்க் கணக்கும் நோட்டும் டேப்பும் எட்டு வாரம் நடக்கட்டும். அதன்பின்னும் சுற்றளவு அசையாவிட்டால் அந்த நோட்டோடு ஒரு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள். மருந்து தேவையா என்பதை அவர் முடிவு செய்ய முதலில் கேட்பது அதைத்தான்.