வீட்டிலிருந்து இணையத் தொழில்: வேலையில் உட்காரவே முடியவில்லை என்பவர்களுக்கு – கேள்வி பதில்

ஒன்பது வருடமாக வீட்டிலிருந்தே இணையத்தில் தொழில் செய்கிறேன். சிறு வியாபாரிகளுக்கான கணக்கு டெம்ப்ளேட்டுகளை (நிரப்பினால் போதும் என்ற ஆயத்தப் படிவங்களை) உருவாக்கி விற்பதும், அவற்றைப் பயன்படுத்தச் சொல்லித் தருவதும்தான் வேலை. முதல் இரண்டு வருடம் நான் வேலை செய்ததைவிட வேலை செய்யாததற்காக வருத்தப்பட்ட நேரம்தான் அதிகம். அந்தத் தகுதியில் பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, ஆறு மாதம் முன்பு வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்து வீடியோ எடிட்டிங் செய்து தர ஆரம்பித்தேன். ஆபீஸில் ஒருநாள்கூட லேட் ஆனதில்லை. இப்போது காலை பதினொரு மணி வரை ஒரு துரும்பைக்கூட நகர்த்துவதில்லை. அடிப்படையில் நான் சோம்பேறிதானோ?

தம்பி, ஆபீஸில் லேட் ஆகாதவரும் இப்போது பதினொரு மணிக்குப் பல் தேய்க்கிறவரும் ஒரே ஆள்தானே? ஆறு மாதத்தில் குணம் மாறிவிடாது. மாறியது சுற்றியிருந்த ஏற்பாடு.

ஆபீஸில் உங்களை எதெல்லாம் நாற்காலியில் உட்கார வைத்தது என்று எண்ணிப் பாருங்கள். வருகைப் பதிவு, பத்து மணி மீட்டிங், "அந்த ஃபைல் முடிஞ்சதா?" என்று எட்டிப் பார்க்கும் பக்கத்து சீட்டுக்காரர், மாலை ஆனால் விளக்கை அணைக்க வரும் ஆள். இதில் ஒன்றுகூட உங்கள் மனவலிமை இல்லை. வேலையை விட்ட அன்று இதெல்லாம் ஒன்றாகக் கழன்று விழுந்தது. அதையெல்லாம் மனவலிமை ஒன்றே தாங்க வேண்டும் என்றால் அது எங்கே தாங்கும்?

அதனால் அந்த ஏற்பாட்டில் இரண்டு மூன்றையாவது வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். காத்திருக்கும் ஒரு ஆள் வேண்டும். உங்களைப் போலவே தனியாகத் தொழில் செய்யும் ஒருவரோடு காலை ஒன்பதரைக்கு வீடியோ காலில் ஐந்து நிமிடம் பேசி, அன்று முடிக்கப் போவதைச் சொல்லுங்கள். பிறகு இருவரும் மைக்கை அணைத்துவிட்டு, இணைப்பைத் துண்டிக்காமல் ஒரு மணி நேரம் அவரவர் வேலையைப் பாருங்கள். நான் நாலு வருடமாகச் செய்கிறேன். அந்தத் தோழி என்ன வேலை செய்கிறார் என்பதே எனக்குப் பாதி புரியாது. ஆனால் ஒன்பதரைக்கு அவர் திரையில் இருப்பார் என்பதற்காகவே நான் ஒன்பதே காலுக்குத் தலை சீவுகிறேன்.

இன்னொன்று, வாடிக்கையாளரிடம் "முடிந்ததும் அனுப்புகிறேன்" என்று சொல்லாதீர்கள். "வியாழன் மதியம் முதல் கட்டம் வரும்" என்று சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

ஒரு புலம்பலையும் சொல்லிவிடுகிறேன். 'சுய ஒழுக்கம்' என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. அதைக் கேட்டாலே குற்றவாளிக் கூண்டில் ஏறி நிற்கிற மாதிரி இருக்கிறது.

கேள்வி: 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்கிறார்களே. மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் பத்துப் பன்னிரண்டாம் நாள் விட்டுப்போய், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அந்த 21 வந்த கதை தெரிந்தால் சிரிப்பீர்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், முக அறுவை செய்துகொண்டவர்களுக்குத் தங்கள் புது முகம் பழக, குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960ல் எழுதினார். வாய்வழியாகப் பரவும்போது 'குறைந்தது' உதிர்ந்துவிட்டது. 'புது முகம்' என்பது 'எல்லாப் பழக்கமும்' ஆகிவிட்டது.

பழக்கத்தையே நேராக அளந்தவர்கள் யூனிவர்சிட்டி காலேஜ் லண்டனைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும். 2010ல் வெளியான அந்த ஆய்வில் 96 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு செயல் தானாக வர சராசரியாக 66 நாள் ஆகிறது என்பது அவர்கள் கணக்கு. ஆளையும் செயலையும் பொறுத்து அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை போனது. உங்களுக்கு முக்கியமானது இதுதான்: நடுவில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை.

ஆக, பன்னிரண்டாம் நாள் விட்டால் அடுத்த நாள் பதின்மூன்று. ஒன்று இல்லை. ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும் அந்த ஆவேசத்துக்கு நம் மொழியில் ஏற்கெனவே நல்ல பெயர் இருக்கிறது, ஆரம்ப சூரத்தனம்.

கேள்வி: மேடம், ஓவியம் கற்றுத்தரும் ஆன்லைன் கோர்ஸ் ஒன்று தயார் செய்துகொண்டிருக்கிறேன். தினமும் ஐந்தாறு மணி நேரம் உழைக்கிறேன். லோகோ மூன்று முறை மாற்றிவிட்டேன், இணையதளமும் கிட்டத்தட்ட ரெடி. ஆனால் நாலு மாதமாகியும் வெளியிட முடியவில்லை. கவனம் சிதறுவதுதான் காரணமா?

ஐந்தாறு மணி நேரம் உட்கார முடிகிறவருக்குக் கவனம் எங்கே சிதறியது? உங்களிடம் இருப்பது வேறு ஒன்று. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று.

என் முதல் டெம்ப்ளேட்டை விற்பனைக்கு வைப்பதற்கு முன் பதினோரு வாரம் ஓடியது. டெம்ப்ளேட் முடிந்தது முதல் வாரத்திலேயே. மீதி பத்து வாரம்? 'வாங்க' என்ற பொத்தானுக்குப் பச்சை போட்டேன். இலைப் பச்சை, கடல் பச்சை, அப்புறம் ஆரஞ்சு. மறுபடி பச்சை. ராத்திரி ஒரு மணிக்குக் கண் எரிய எரிய இரண்டு பச்சைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. அந்தப் பொத்தானை அழுத்த உலகத்தில் ஒரு ஆள்கூட அப்போது இல்லை, ஏனென்றால் அப்படி ஒரு பக்கம் இருப்பதையே நான் யாரிடமும் சொல்லவில்லை.

சொன்னால் என்ன ஆகும்? யாராவது "வேண்டாம்" என்பார்கள். அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. நிறத்தை மாற்றிக்கொண்டிருக்கும் வரை யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாதே!

ஃபியூஷியா சிரோய், திமோதி பிச்சில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தள்ளிப்போடுவதைப் பற்றி 2013ல் எழுதியது இதற்குப் பொருந்துகிறது. அவர்கள் சொல்வதன் சாரம்: தள்ளிப்போடுவது நேரத்தை நிர்வகிக்கத் தெரியாத பிரச்சினை அல்ல. அந்த வேலை கிளப்பும் பயம், சலிப்பு, சந்தேகம் இவற்றிலிருந்து அப்போதைக்குத் தப்பிக்கும் வழி. சும்மா படுத்துக் கிடந்தால் அது தப்பித்தல் என்று கண்டுபிடித்துவிடலாம். லோகோ வரைந்தால் அது உழைப்பு மாதிரியே இருக்கும், முதுகுகூட வலிக்கும்.

நான் வேலைகளை இரண்டாகப் பிரிக்கிறேன். ஒரு வாடிக்கையாளர் பார்க்கக்கூடிய, "வேண்டாம்" சொல்லக்கூடிய வேலை ஒன்று. மற்றதெல்லாம் இன்னொன்று. ஒருநாளின் முதல் ஒரு மணி நேரம் முதல் வகைக்குத்தான். ஓவியப் பாடம் ஒன்றாவது முழுதாக முடிந்திருக்கும் இல்லையா? இன்றைக்கே ஏழு பேரைத் தேர்ந்தெடுங்கள். ஓவியம் கற்க விரும்புவதாக எப்போதாவது சொன்னவர்கள். "இப்படி ஒரு வகுப்பு ஆரம்பிக்கிறேன், இவ்வளவு கட்டணம், முதல் பாடம் இதோ, சேர்கிறீர்களா?" அவ்வளவுதான். "பார்த்துவிட்டு எப்படியிருக்கு என்று சொல்லுங்கள்" என்று எழுதாதீர்கள். அதற்கு எல்லோரும் "சூப்பர்" என்பார்கள். அனுப்பிவிட்டு இங்கேயே எழுதுங்கள்.

கேள்வி: போனைத் தள்ளி வை என்கிறார்கள் எல்லோரும். என் தொழிலே இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸப்பிலும்தான் நடக்கிறது. எப்படித் தள்ளி வைப்பது?

நியாயமான கேள்வி. கள்ளுக்கடைக்குள் உட்கார்ந்து கணக்கு எழுதச் சொன்ன கதைதான்.

தொழிலுக்கு வேண்டியதில் பெரும்பகுதியைக் கம்ப்யூட்டரில் செய்துவிடலாம். பதிவுகளை வாரத்தில் ஒருநாள் உட்கார்ந்து மொத்தமாகத் தயாரித்து, குறித்த நேரத்தில் தானாக வெளியாகும்படி வைக்கலாம். வாட்ஸப்புக்கும் கணினி வடிவம் இருக்கிறது. பிசினஸ் கணக்கு என்றால் "காலை பதினொன்றுக்கும் மாலை ஐந்துக்கும் பதில் அளிப்பேன்" என்று தானாகப் போகும் செய்தியும் வைக்கலாம். உடனே பதில் வராவிட்டால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார் என்று பயந்தேன். எப்போது வரும் என்று தெரியாவிட்டால்தான் ஓடுகிறார்கள்.

மற்ற நேரத்தில் என் போன் பீரோவின் மேல்தட்டில் இருக்கும். ஸ்டூல் போட்டு ஏறினால்தான் கைக்கு எட்டும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை பாதி ஸ்டூலில் ஏறி, வெட்கப்பட்டு இறங்கியிருக்கிறேன்.

வில்ஹெல்ம் ஹோஃப்மனின் குழு 205 பேரை ஒரு வாரம் தொடர்ந்து, என்னென்ன ஆசை வருகிறது, எதை எதிர்த்துப் போராடுகிறீர்கள் என்று அவ்வப்போது கேட்டது (2012ல் வெளியானது). சுயக்கட்டுப்பாடு அதிகம் உள்ளவர்கள் அதிகம் போராடுவார்கள் என்றுதானே நினைப்போம்? அவர்கள் சொன்ன போராட்டம் குறைவாகத்தான் இருந்தது. சபலம் வருகிற இடத்துக்கே அவர்கள் அதிகம் போவதில்லை போலிருக்கிறது. எனக்கு அந்த ஸ்டூல் போதும்.

கேள்வி: இரண்டு சின்னக் குழந்தைகள். இருபது நிமிடம் சேர்ந்தாற்போல் கிடைத்தாலே அதிசயம். நீங்கள் சொல்லும் 'முதல் ஒரு மணி நேரம்' எனக்குக் கனவு.

தங்கச்சி, உங்களுக்கு அந்த விதி பொருந்தாது, விட்டுவிடுங்கள். நேரம் துண்டு துண்டாகத்தான் வரும் என்றால் வேலையையும் துண்டு போட்டுத்தான் வைக்க வேண்டும்.

இருபது நிமிடம் கிடைக்கும்போது பதினைந்து நிமிடம் "இப்ப என்ன செய்யலாம்?" என்பதிலேயே போய்விடும். அதை முன்னாலேயே தீர்த்து வையுங்கள். "சின்னவன் தூங்கியதும், மேஜையில் உட்கார்ந்து, இரண்டு ஆர்டருக்குப் பதில் எழுதுவேன்." எப்போது, எங்கே, எது, மூன்றும் அந்த ஒரே வரியில் இருக்க வேண்டும். பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் இந்த முறையைப் பல வருடம் ஆராய்ந்தவர். 2006ல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, "செய்யணும்" என்று வெறுமனே நினைப்பதைவிட இப்படித் திட்டமிட்டவர்கள் தெளிவாக அதிகம் சாதித்தது தெரிந்தது.

வேலையை நிறுத்தும்போது அடுத்து என்ன என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி கீபோர்டின்மேல் வைத்துவிட்டு எழுந்திருங்கள். குழந்தை அழுதால்கூட அந்த ஐந்து விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், உங்களைத் தனியாளோடு ஒப்பிடாதீர்கள். அவருக்கு ஒரு மாதத்தில் நடப்பது உங்களுக்கு மூன்று மாதத்தில் நடக்கும், அது ஒழுக்கக் குறைவு இல்லை.

கேள்வி: எந்த ஆப் நல்லது?

ஒரு டைமர், ஒரு நோட்டு. 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவ சமையலறை டைமரை வைத்துப் படிக்க ஆரம்பித்தார், பிறகு ஒரு சுற்று 25 நிமிடம் என்று ஆனது, அதுதான் பொமொடோரோ முறை. இத்தாலிய மொழியில் தக்காளி என்று அர்த்தம். ஆப் தேடும் நேரத்தில் இரண்டு தக்காளி முடித்திருக்கலாம்.

கேள்வி: "வீட்டில் சும்மாதானே இருக்கே" என்று ஆளுக்கொரு வேலை சொல்கிறார்கள். பேங்குக்குப் போ, பார்சலை வாங்கி வை, விருந்தாளியைக் கவனி. முடியாது என்றால் கோபம்.

அவர்கள் கண்ணுக்குத் தெரிவது, நீங்கள் வீட்டு உடையில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும்தான். "எனக்கு வேலை இருக்கு" என்பது யார் காதிலும் ஏறாது. "பத்திலிருந்து ஒன்று வரை வேலை நேரம், ஒன்றே காலுக்கு பேங்குக்குப் போகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். மறுப்பு இல்லை, நேரம் மட்டும் மாறுகிறது. பிறகு ஒன்றே காலுக்குக் கட்டாயம் போங்கள். அதில் ஏமாற்றினால் உங்கள் பத்து மணிக்கும் மரியாதை போய்விடும்.

கேள்வி: ஒருநாள் வீணானால் குற்ற உணர்ச்சியில் மறுநாள் பதினான்கு மணி நேரம் திட்டம் போடுகிறேன். அதுவும் நடப்பதில்லை.

வீணான நாளுக்கு வட்டி கட்டுகிறீர்கள். கட்டாதீர்கள். கனடாவில் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 119 முதலாண்டு மாணவர்களைப் பார்த்தார்கள் (2010). முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்கு முன் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். திட்டிக்கொண்டால் அந்த வேலையோடு இன்னும் ஒரு கசப்பு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அதன் பக்கமே போகத் தோன்றாது.

திட்டத்தின் அளவும் தவறு. ரோஜர் புலரும் சகாக்களும் 1994ல் ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரி பதில் 34 நாள். எல்லாமே தப்பாகப் போனால்? 49 நாள். உண்மையில் முடித்தது 55 நாளில். நாம் யாரும் விதிவிலக்கு இல்லை. நோட்டில் மூன்று வேலைக்கு மேல் எழுதாதீர்கள்.

கேள்வி: ஒரு வருடமாக ஒழுங்காகத்தான் உட்காருகிறேன். விற்பனை இல்லை. இன்னும் கடுமையாக உழைக்க வேண்டுமா?

ஐயா, இந்த வருடத்தில் எத்தனை பேரிடம் "வாங்கிக்கொள்கிறீர்களா?" என்று நேராகக் கேட்டீர்கள் என்று எண்ணுங்கள். பத்துக்குள் என்றால், நீங்கள் இன்னும் கடை திறக்கவில்லை. நூறு பேரிடம் கேட்டும் ஒருவரும் வாங்கவில்லை என்றால் குறை உழைப்பில் இல்லை. பொருளோ, விலையோ, கேட்ட ஆட்களோ, ஏதோ ஒன்று மாற வேண்டும். அந்த நூறு பேரில் ஐந்து பேரைக் கூப்பிட்டு ஏன் வேண்டாம் என்றார்கள் என்று கேளுங்கள். காலை நாலு மணிக்கு எழுவது அதற்கு மருந்தில்லை.

கேள்வி: மேடம், ஓவிய கோர்ஸ் பற்றிக் கேட்டவள் நான். அனுப்பிவிட்டேன். கை நடுங்கியது. ஏழு பேரில் மூன்று பேர் பார்த்துவிட்டார்கள், நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இல்லை. ஒருவர் மட்டும் "இப்ப வேண்டாம், அடுத்த தடவை பார்க்கலாம்" என்றார்.

அந்த ஒருவரின் பெயரை நோட்டில் எழுதி வையுங்கள், அடுத்த தடவை அவர்தான் முதல் ஆள். மற்றவர்களுக்கு மூன்று நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதுவரை நீல டிக்கைப் பார்க்க வேண்டாம், போனைப் பீரோ மேலே வைத்துவிடுங்கள். இரண்டாம் பாடத்தில் என்ன வரையப் போகிறீர்கள்?

– மாமரம்.

சரி, காகிதத்தை எடுங்கள். லோகோவைத் தொடாதீர்கள்.