செம்பு இளகியது, ஸ்பிரிங் பட்டை ஏன் ஒடிந்தது?

மார்த்தாண்டம் பக்கம் வீட்டிலேயே உலை வைத்துத் தொழில் பழகும் ஒரு வாசகர் கேட்கிறார்: "செம்புத் தகட்டைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மெத்தென்று வளைகிறது. வெட்டுகத்தி அடிக்க எடுத்த லாரி ஸ்பிரிங் பட்டையையும் அப்படியே செய்தேன். பிடி ஆணிக்குத் துளை இறங்கவில்லை, அரம் வழுக்குகிறது, தட்டியதும் ஒடிந்துவிட்டது. எங்கே தப்பு?"

தண்ணீரில்தான். செம்பு அடிக்க அடிக்க இறுகும். சிவக்கக் காய்ச்சும்போதே அந்த இறுக்கம் விட்டுப்போகும். அப்புறம் அது எப்படி ஆறினாலும் ஒன்றுதான். தண்ணீரில் போட்டால் மேலே படிந்த கருந்தோல் உதிரும், அவ்வளவே. ஸ்பிரிங் பட்டையில் 0.5, 0.6 சதவீதம் அளவுக்குக் கார்பன் உண்டு. சட்டென்று குளிர்ந்தால் அது உள்ளேயே சிக்கி, இரும்பைக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிடும். இளக்குவதாக நினைத்து நீங்கள் தோய்ச்சல் போட்டிருக்கிறீர்கள், அதாவது சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர்வித்து இறுக்கியிருக்கிறீர்கள்.

இனி இப்படிச் செய்யுங்கள். சிரட்டைக்கரி உலையில் பட்டையைச் சீராகக் காய்ச்சுங்கள். கம்பியில் கட்டிய காந்தத்தைத் தொட்டுத் தொட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 770 டிகிரியில் காந்தம் ஒட்டாது. இன்னும் கொஞ்சம் சூடேற்றி, காய்ந்த சாம்பலுக்குள் ஆழமாகப் புதைத்து மறுநாள் காலையில் எடுங்கள். ஆனி, ஆடிச் சாரலில் சாம்பல் ஈரம் குடித்திருக்கும். சட்டியில் நன்றாக வறுத்துக்கொள்ளாவிட்டால் மறுபடி இறுகிவிடும்.

நிறம் பார்க்க நிழல் வேண்டும். பழகிய புதிதில் நான் உச்சிவெயிலில் திண்ணையில் வைத்துப் பித்தளைத் தட்டைக் காய்ச்சினேன். சிவப்பே தெரியவில்லையே என்று ஊதிக்கொண்டிருந்தேன். ஓரம் தொய்ந்து ஒழுகிவிட்டது. அன்றே பட்டறை வாசலில் சாக்கு கட்டினேன். பித்தளையைச் சிவப்போடு தண்ணீரில் விடவும் வேண்டாம், விரிசல் விடலாம்.

துளையும் அரவேலையும் முடிந்தபின் தோய்ச்சலை எண்ணெயில் போடுங்கள்; ஸ்பிரிங் பட்டைக்குத் தண்ணீர் முரட்டுத்தனம். எண்ணெய் தீப்பிடிக்கும், பக்கத்தில் இரும்பு மூடி இருக்கட்டும். பிறகு, கத்தி ஒடியாதிருக்க, ஓரிடத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மெல்லச் சூடு காட்டுங்கள். அந்த இடம் வைக்கோல் நிறம் தாண்டிப் பழுப்பில் ஊதா தட்டும்போது நிறுத்துங்கள்.

ஒடிந்த துண்டை எறிந்துவிடாதீர்கள். ஒடிந்த முகம் சர்க்கரை மாதிரி மணிமணியாக மின்னினால் சூடும் மிஞ்சிப்போயிருக்கிறது. நெருக்கமான சாம்பல் நிறமாக இருந்தால் உங்கள் சூடு சரி. அதே பட்டையில் விரலளவு துண்டுகள் நாலைந்து வெட்டி, வெவ்வேறு சிவப்பில் தோய்த்து ஒடித்து, வரிசையாக வைத்துப் பாருங்கள்.