1962-ல் பர்மா ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு பிரதமர் ஊ நு என்ன ஆனார்?

பாரிமுனைப் பக்கம் பர்மா பஜார் இருப்பதற்கே, அந்த ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு பர்மாவிலிருந்து அகதிகளாகத் திரும்பிய தமிழர்கள் அங்கே கடை போட்டதுதான் காரணம் என்பதால், சென்னைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

1962 மார்ச் 2 விடிவதற்குள் ராணுவத் தளபதி ஜெனரல் நே வின்னின் ஆட்கள் ஊ நுவைக் கைது செய்துவிட்டார்கள். விசாரணையே இல்லாமல் நான்கரை ஆண்டுகளுக்கும் மேல் ராணுவக் காவலில் இருந்தார். அவராவது உயிரோடு வெளியே வந்தார். நாட்டின் முதல் ஜனாதிபதி சாவ் ஷ்வே தைக் அதே ஆண்டு நவம்பரில் சிறையிலேயே இறந்தார். அவரைக் கைது செய்யப் போன இரவில் அவருடைய மகன் ஒருவனைச் சுட்டுக் கொன்றார்கள். அதைப் படிக்கும்போது இன்றும் மனசு ஆறுவதில்லை.

1966-ல் விடுதலையான ஊ நு, 1969-ல் வெளிநாடு போய், "சட்டப்படி நானே பிரதமர்" என்று லண்டனில் அறிவித்தார். தாய்லாந்து எல்லையில் ஆயுதப் படை திரட்டிப் பார்த்தார், பலிக்கவில்லை. அப்புறம் இந்தியாதான் இடம் கொடுத்தது. போபாலில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். 1980-ல் பொதுமன்னிப்பு வந்ததும் ஊர் திரும்பினார்.

சரி, அதோடு ஒதுங்கினாரா? இல்லை. 1988 மக்கள் எழுச்சியில், எண்பதைத் தாண்டிய வயதில், மறுபடியும் தன் அரசை அறிவித்தார். அவருடைய அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன். அதற்காக வீட்டுக்காவலில் வைத்து, 1992-ல்தான் விட்டார்கள். 1995 பிப்ரவரியில் ரங்கூனில் காலமானார்.