ஆதரவு முடிந்த கணினி என்றால் என்ன? நிறுவனங்கள் அடுத்து என்ன செய்ய வேண்டும்?

ஒரு மென்பொருளில் புதிதாகத் தென்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்துத் தருவதை அதன் நிறுவனம் நிறுத்திக்கொள்வதையே ‘ஆதரவு முடிவு’ என்கிறோம். விண்டோஸ் 10-க்கு அந்த நாள் 2025 அக்டோபர் 14. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும் ஓரளவு புதிய செயலியையும் கேட்பதால், களியக்காவிளையில் ஒரு கடையில் தமிழிலும் மலையாளத்திலும் பில் அடித்துக்கொண்டிருக்கும் 2016-ஆம் ஆண்டுக் கணினி, விசைப்பலகையில் எழுத்து தேய்ந்ததைத் தவிர வேறு குறையில்லாமல் இருந்தும், முறைப்படி அதற்கு மாற முடியாது.

எங்கள் பக்கத்து ரப்பர் மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் பால் வெட்டும் இடத்துக்கு மேலே பிளாஸ்டிக் தாளைப் பாவாடைபோலக் கட்டாவிட்டால், மரம் நன்றாகவே பால் சுரந்தாலும் சிரட்டையில் மழைநீர்தான் நிறையும். தாள் கிழிந்ததற்காக யாரும் மரத்தை முறிப்பதில்லை; திருத்தங்கள் நின்றதற்காக நல்ல கணினியைத் தூக்கியெறிவதும் அப்படித்தான்.

ஆகவே, வன்பொருள் விற்பவரும் மென்பொருள் எழுதுபவரும் கலந்துபேசி, பாதுகாப்புத் திருத்தங்கள் எந்த ஆண்டுவரை வரும் என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும். தன் இயங்குதளத்தில் ஓடும் மடிக்கணினிகளான குரோம்புக்குகளுக்கு 10 ஆண்டுத் திருத்தங்களைக் கூகுள் 2023-இல் அறிவித்ததால், இது முடியாத காரியமன்று. (மின்கலத்தைப் பசைபோட்டு ஒட்டாமல் திருகாணியில் பொருத்துவதையும் இதோடு சேர்த்துக் கேட்கலாம் என்பது என் எண்ணம்.)

ஆதரவு முடிந்த அன்றே கணினி நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வழக்கம்போல் இயங்கும், கோப்புகளும் அப்படியே இருக்கும், ஆதரவு முடிந்த பிறகும் சில காலம் திருத்தங்கள் தரும் நீட்டிப்புத் திட்டத்தில் சேராதவர்களுக்குப் புதிய ஓட்டைகள்தாம் அடைபடாமல் கிடக்கும்.